இரண்டாவது மிதி

டமார்!

சந்தைக்குப் பின்னால் இருந்த சந்தில் அந்தச் சத்தம் கேட்டதும், எலும்புக்கு அடித்துக்கொண்டிருந்த நாய்கள்கூட ஒரு கணம் சண்டையை மறந்து திரும்பிப் பார்த்தன. வெள்ளைக் கார் ஒன்று குப்பைத் தொட்டியில் மோதி நின்றிருந்தது. தொட்டி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, யோசித்து, பிறகு தன் வயிற்றில் இருந்ததையெல்லாம் காரின் மேல் கக்கியது. அழுகின முட்டைக்கோஸ், மீன் செதில், எந்த வீட்டுப் பிள்ளையுடையதோ கட்டிப்போட்ட கழிவுத் துணி. எல்லாம் சரிந்து முடிந்தபின், கடைசியாக ஒரு கோழித்தலை மெல்ல உருண்டு வந்து வைப்பரின் மேல் உட்கார்ந்துகொண்டு உள்ளே பார்த்தது.

உள்ளே இரண்டு பெண்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் நர்ஸ், நாற்பது தாண்டியவள். பக்கத்தில் இருந்தவள் டீச்சர். பள்ளிக்கூட டீச்சர் இல்லை. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பதினோரு வருஷமாக இந்தத் தொழில். இதுவரை ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை.

"நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன் டீச்சர்," என்றாள் நர்ஸ். உதடு வெளுத்திருந்தது. "சத்தியமா பிரேக்குலதான் கால் இருந்துச்சு. இப்பவும் அதுலதான் இருக்கு, பாருங்க."

டீச்சர் குனிந்து பார்த்தாள். கால் அங்கேதான் இருந்தது. ஆனால் பெடல் தரையோடு தரையாய்ப் படுத்திருந்தது. டீச்சரின் காலடியில் இருந்த இன்னொரு பெடலும் அப்படித்தான் கிடந்தது. கற்றுக்கொடுக்கிறவளுக்கு என்று தனியாக வைத்த பெடல் அது. ஆபத்துக்கு உதவுவதற்காகவே இருப்பது. அதை அவளும் மிதித்தாள். சேற்றில் கால் வைத்த மாதிரி போய்க்கொண்டே இருந்தது. ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்ததால்தான் தொட்டியோடு போயிற்று. தொட்டிக்கு நாலடி தள்ளி, எலுமிச்சம்பழக் கூறு வைத்து விற்கிற கிழவர், பழங்களைக்கூட மறந்து சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

"ரெண்டு தடவை மிதிக்கச் சொன்னீங்க," என்றாள் நர்ஸ். "ரெண்டாவது மிதிக்கு நேரம் இல்ல டீச்சர்."

டீச்சருக்கு அந்த வார்த்தை குப்பை நாற்றத்தைவிட மோசமாக வந்து அடித்தது.

உண்மைதான். சொன்னது அவள்தான். ஆனால் அவளுக்குச் சொன்னது அவள் புருஷன்.

புருஷனுக்கு விளக்குக் கடையில் விற்பனை வேலை. கடையில் விளக்கு, வீட்டில் கார். கார் என்றால் ஓட்டுவது இல்லை. பார்ப்பது, பேசுவது, படம் எடுத்துத் தன்னைப்போன்ற பத்து ஆட்களுக்கு அனுப்புவது. இருக்கிற கார் மனைவியின் பயிற்சிக் கார் ஒன்றுதான்; காலையில் கடைக்குப் போவதும் அவளோடு அதில்தான். அந்தப் பாவப்பட்ட சின்னக் காருக்கு, பழைய வண்டிகளை உடைக்கிற இடத்திலிருந்து ஒரு பெரிய பந்தயக் காரின் பிரேக்கை வாங்கிவந்தான். பெரிய டிஸ்க், அதைக் கவ்விப்பிடிக்க ரத்தச் சிவப்பில் இரண்டு காலிபர், காலிபரின் மேல் அங்கேயே புதிதாக வெள்ளையில் எழுதி வாங்கிய கம்பெனிப் பெயர். புதன்கிழமை சாயங்காலம் அவனும் அவன் தம்பியும் சேர்ந்து மாட்டினார்கள். தம்பி மெக்கானிக். இரண்டு தெரு தள்ளித் தகரக் கொட்டகையில் வேலை. ஊரில் அவனுக்கு 'நட்டு' என்று பெயர்; எந்த வண்டியைக் கழற்றிப் பூட்டினாலும் கடைசியில் கையில் ஒரு நட்டு மிச்சம் இருக்கும் என்பதால் வந்த பெயர்.

"எருமைக்கு உதட்டுச் சாயம் பூசின மாதிரி இருக்கு," என்று டீச்சர் அன்றைக்கே சொன்னாள்.

மறுநாள் பெடல் மெத்தை மாதிரி அமுங்கியது. கேட்டாள்.

"புது பிரேக்குன்னா முதல்ல அப்படித்தான் இருக்கும். பழகணும்," என்றான் புருஷன். "ஒரு மிதிக்கு அமுங்கும், ரெண்டாவது மிதிக்குக் கெட்டியா நிக்கும். உன் பொம்பளைங்களை ரெண்டு மிதி மிதிக்கச் சொல்லு. அவ்வளவுதான்."

அவளும் சொன்னாள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஏழு பெண்களிடம் சொன்னாள். நினைத்துப் பார்க்கும்போது அவளுக்குத் தன் நாக்கையே துடைத்துப்போட வேண்டும் போல் இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை. மழை வருவேன் வரமாட்டேன் என்று போக்குக் காட்டி, வானம் அழுக்குப் போர்வை மாதிரி தொங்கியது. காற்றில்லை. காரை மூன்று முறை கழுவியும் ரேடியேட்டர் இடுக்கில் போன மீன் கழிவு போகவில்லை. எஞ்சின் சூடானால் அதுவும் சேர்ந்து வெந்தது.

வீட்டு வாசலில் காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, முன்சக்கரம் இரண்டையும் கழற்றியிருந்தார்கள். நட்டு சக்கரப் பள்ளத்துக்குள் தலையை விட்டுப் படுத்திருந்தான். புருஷன் முக்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. டீச்சர் காருக்குள். அவள் கால்தான் வேலை செய்தது.

"மிதிங்க அண்ணி. மிதிங்க. இன்னொண்ணு. அப்படியே அழுத்திப் பிடிச்சுக்குங்க."

பிடித்தாள். நட்டு ஸ்பானரால் காலிபரில் இருந்த சின்னத் திருகைத் தளர்த்தினான். பெடல் தொப்பென்று தரைக்கு இறங்கியது. பிரேக் ஆயில் ரப்பர்க் குழாய் வழியாக பாட்டிலுக்குள் பீச்சியது. திருகை மூடினான்.

"விடுங்க."

விட்டாள். பிரேக் குழாயில் காற்று மாட்டிக்கொண்டால் பெடல் இப்படித்தான் அமுங்கும். ஆயிலோடு சேர்த்து அந்தக் காற்றை வெளியே எடுத்துவிட்டால் கெட்டியாகிவிடும். காலை எட்டு மணியிலிருந்து இதுதான் நடக்கிறது. மிதி, பிடி, விடு. முழங்கால் விண்ணென்று தெறித்தது. இரண்டு டப்பா ஆயில் தீர்ந்து மூன்றாவது டப்பா திறந்தாயிற்று. பெடல் மட்டும் அதே சேறு.

"அது என்ன பாட்டில்?" என்றாள் டீச்சர், கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து.

"எது?"

"ஆயில் பிடிக்கறியே, அது."

நட்டு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தான். "சமையக்கட்டுல இருந்துச்சு அண்ணி. மூடி நல்லா டைட்டா இருந்துச்சு."

"அது நான் தண்ணி குடிக்கிற பாட்டில்."

"கழுவிக்கலாம்," என்றான் புருஷன்.

"நீங்க கழுவி நீங்க குடிங்க."

புருஷன் சிரித்தான். அவனுக்கு எதற்கும் சிரிப்பு வரும். கையில் இருந்த கிரீஸைத் துடைக்க ஒரு துணியை எடுத்தான். அது அவள் முகம் துடைக்கிற துண்டு. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். பத்து நிமிஷம் முன்பு அவன் அதே கையோடு வேகவைத்த முட்டையை உரித்து, கறுப்பு விரல்தடம் பதிந்த முட்டையை ஒரே வாயில் போட்டதை அவள் பார்த்திருந்தாள். மஞ்சள்கரு துணுக்கு இன்னும் அவன் மீசையில் இருந்தது.

"எனக்கு ஒண்ணு தோணுது," என்றான் அவன். "பிரேக்குல கோளாறே இல்ல. அந்த நர்ஸம்மா பதட்டத்துல ஆக்ஸிலேட்டரை மிதிச்சிருக்கும்."

"நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். என் பெடலும்தான் கீழ போச்சு."

"நீ ஒரு மிதி மிதிச்சிருப்ப."

"எதிர்ல ஆள் நிக்கிறப்ப ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டா மிதிப்பாங்க?"

"கத்துக்கொடுக்கிறவ பதட்டப்பட்டா கத்துக்கிறவ என்ன பண்ணுவா, சொல்லு."

டீச்சர் ஸ்டியரிங் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவனிடம் வாய் கொடுப்பதும் குப்பைத் தொட்டிக்குள் கை விடுவதும் ஒன்று.

பதினோரு மணிக்கு நர்ஸ் வந்தாள். இரவு டூட்டி முடிந்து, தூங்காமல், சீருடையோடு. கையில் டெஸ்ட் காகிதங்கள் வைத்த பிளாஸ்டிக் உறை.

"இதைக் கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன் டீச்சர். நாளைக்கு நான் டெஸ்டுக்கு வரல."

டீச்சர் காரிலிருந்து இறங்கினாள். நாளைக் காலை எட்டு மணி டெஸ்ட் நர்ஸுக்கு எவ்வளவு முக்கியம் என்று அவளுக்குத் தெரியும். படுத்த படுக்கையாய் இருக்கிற நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வேலைக்கு ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள். காரை ஆஸ்பத்திரி கொடுக்கும், ஓட்டத் தெரிய வேண்டும். செவ்வாய்க்கிழமைக்குள் லைசென்ஸ் காட்டாவிட்டால் அடுத்த ஆள். பதினெட்டு வருஷ ராத்திரி டூட்டியிலிருந்து தப்பிக்க அவளுக்கு இருந்த ஒரே கதவு இது.

"ஏன் வரல? நாளைக்கு இல்லைன்னா வேலை போயிடுமே சிஸ்டர்."

"போகட்டும். ராத்திரி முழுக்க யோசிச்சேன். ஒரு நோயாளிக்கு ஊசி போடுறப்பகூட மருந்து பேரை மூணு தடவை படிச்சுப் பார்த்தேன், பதினெட்டு வருஷத்துல இப்படிப் படிச்சதில்ல." நர்ஸ் தன் காலைக் குனிந்து பார்த்தாள், ஏதோ அடுத்தவர் காலைப் பார்ப்பது போல. "பிரேக்குலதான் இருந்துச்சுன்னு நேத்து சொன்னேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. அந்தப் பெரியவர் செத்திருந்தா?"

"உங்க கால் சரியாத்தான்..." என்று டீச்சர் ஆரம்பிப்பதற்குள் புருஷன் முக்காலியிலிருந்து எழுந்தான்.

"சிஸ்டர், மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. எல்லாருக்கும் நடக்கறதுதான். சில பேருக்குக் கால் வராது. நீச்சல் மாதிரி. அதுக்காக நாங்க உங்களைக் குத்தம் சொல்லுவோமா?"

"ரொம்ப நன்றி சார்," என்று நர்ஸ் தலையாட்டினாள். தேற்றுகிற மாதிரி பேசியே கழுத்தை அறுக்கிற இந்த வித்தையை டீச்சர் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறாள். ஆனால் வெளி ஆள் ஒருத்தி அதில் மாட்டி, நன்றி வேறு சொல்லுவதை இன்றைக்குத்தான் பார்த்தாள்.

"காகிதத்தைக் கையில வச்சுக்குங்க," என்றாள் நர்ஸிடம். "வீட்டுக்குப் போய்த் தூங்குங்க. சாயங்காலம் நான் வர்றேன்."

"வேண்டாம் டீச்சர்."

"வர்றேன்."

நர்ஸ் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு டீச்சர் திரும்பினாள். "எழுந்திருங்க," என்றாள் புருஷனிடம். "நீங்க உள்ள உட்கார்ந்து மிதிங்க. நான் இங்க இருந்து பார்க்கிறேன்."

"நானா? எனக்கு முட்டி வலி."

"எனக்கு மட்டும் இரும்புலயா அடிச்சிருக்கு? ஏறுங்க."

*

வாசல் சிமெண்டுத் தரையில் அவள் குந்தி உட்கார்ந்தாள். சிந்திய பிரேக் ஆயில் புடவை விளிம்பில் ஊறியது. மீன் கழிவு, ஆயில், நட்டுவின் வியர்வை மூன்றும் சேர்ந்து ஒரு வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டு, சக்கரம் இல்லாத அந்த இடத்தைப் பார்த்தாள். சிவப்புக் காலிபர் பளபளவென்று இருந்தது. வெள்ளை எழுத்து, கடை வாசல் பெயர்ப்பலகை மாதிரி நிமிர்ந்து நின்றது.

"மிதிண்ணே. மிதி. பிடி."

ரப்பர்க் குழாயில் ஆயில் ஓடியது. தெள்ளத் தெளிவாக. ஒரு குமிழிகூட இல்லை.

"காத்தே வரலையே," என்றாள்.

"எல்லாம் வந்துடுச்சு அண்ணி. அதான் வரல."

"எல்லாம் வந்துடுச்சுன்னா பெடல் ஏன் அமுங்குது?"

நட்டு ஸ்பானரைத் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான்.

டீச்சர் எழுந்து பின்சக்கரத்துக்குப் போனாள். பின்னால் பழைய பிரேக்தான், யாரும் கை வைக்கவில்லை. மண்டியிட்டுக் கையை விட்டுத் தடவினாள். காற்று எடுக்கிற திருகு விரலில் பட்டது. மேலே, உச்சியில். திரும்ப முன்பக்கம் வந்தாள். அந்தப் பக்கச் சக்கரத்தையும் சுற்றிப்போய்ப் பார்த்தாள். இரண்டு சிவப்புக் காலிபரிலும் திருகு அடியில் இருந்தது.

"தம்பி."

"சொல்லுங்க அண்ணி."

"பாட்டில்ல பாதித் தண்ணி இருந்தா காத்து எங்க நிக்கும்? மேலயா, கீழயா?"

"மேல."

"அப்ப மேல நிக்கிற காத்தைக் கீழ இருக்கிற ஓட்டை வழியா எப்படி எடுப்ப?"

நட்டு தலையை இன்னும் கொஞ்சம் சக்கரப் பள்ளத்துக்குள் இழுத்துக்கொண்டான். காருக்குள்ளிருந்து புருஷன், "என்ன, மிதிக்கவா வேண்டாமா?" என்று கத்தினான்.

"பின்னாடி திருகு மேல இருக்கு," என்றாள் டீச்சர், குரலைத் தாழ்த்தி. "முன்னாடி ஏன் கீழ இருக்கு? நீ பதினைஞ்சு வருஷமா இந்த வேலை செய்யறவன். எனக்குத் தெரியறது உனக்குத் தெரியாதா?"

நட்டு காரைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், கடைசியில் தரையைப் பார்த்துப் பேசினான்.

"அந்தப் பெரிய வண்டியில காலிபர் சக்கரத்துக்குப் பின்பக்கமா உட்காரும் அண்ணி. நம்ம வண்டியில முன்பக்கம். அதனால இடது பக்கத்துதை வலது பக்கமும், வலதை இடது பக்கமும் மாத்திப் போடணும். அப்பதான் திருகு மேல வரும். நான் முதல்ல அப்படித்தான் போட்டேன்."

"அப்புறம்?"

"அப்படிப் போட்டா எழுத்து தலைகீழா நிக்குது."

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. சோற்றில் புழுவைப் பார்த்தவளுக்கு வருகிற மாதிரி உடம்பு ஒரு முறை உதறியது.

"அண்ணன் படம் எடுத்தாரு. பார்த்துட்டு, எழுத்து கவுந்து கிடக்குடா, அனுப்பினா சிரிப்பானுங்க, கழட்டி மாத்துன்னாரு. மாத்தினா காத்து எடுக்க முடியாதுண்ணேன்னு சொன்னேன். ரெண்டு நாள்ல தானா வந்துடும்னாரு. அண்ணன் சொல்றப்ப எப்படி அண்ணி..."

"காலையிலேருந்து என்னை மிதிக்க விட்டியே. வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டே."

"கொஞ்சமாவது வரும்னு பார்த்தேன்."

"அந்த சிஸ்டர் வந்து நின்னாங்களே. அவங்க காலை அவங்களே பார்த்தாங்களே. அப்பவாவது வாயைத் திறந்தியா?"

நட்டு ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, ஆயில் பாட்டிலின் மூடியைத் திருகினான்.

புருஷன் இறங்கி வந்தான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். சிரித்தான்.

"என்ன, சொல்லிட்டானா? இதுல என்ன இருக்கு? ஒரு பொருளை மாட்டினா பார்க்க லட்சணமா இருக்க வேண்டாமா?"

"ஒரு பெரியவர் செத்திருப்பாரு."

"சாகலையே."

"சக்கரத்துக்குள்ள இருக்கிற எழுத்தைக் குனிஞ்சு படிக்கப்போறது யாரு? நாயா?"

"உனக்கு ரசனை கிடையாது. அதான் பிரச்சினை." அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். அவள் துண்டு. "சரி, மாத்திடுடா. இதுக்குப் போய் வீட்ல சண்டை."

டீச்சர் அவன் தோளிலிருந்து துண்டை இரண்டு விரலால் எடுத்தாள். செத்த எலியின் வாலைப் பிடிக்கிற மாதிரி. கொண்டுபோய்க் குப்பைக் கூடையில் போட்டாள். தண்ணீர் பாட்டிலும் அதற்குப் பின்னாலேயே போயிற்று. பிறகு வெளியே வந்து நட்டுவின் பக்கத்தில் குந்தினாள்.

"கழட்டு. ஒவ்வொரு போல்ட்டும் என் கண்ணு முன்னாடி. மிச்சம் ஒண்ணு இருக்கக் கூடாது."

கழற்றினார்கள். புருஷன் சாப்பிடப் போனான். இடதும் வலதும் இடம் மாறின. திருகு மேலே வந்தது. எழுத்து தலைகீழாய் நின்றது. வானம் ஒருவழியாய் மனம் இரங்கி நாலு சொட்டுப் போட்டது. அவள் பிளாஸ்டிக் விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நட்டு வேகமாக, சுத்தமாக வேலை செய்தான். வேலை தெரிந்தவன்தான். அதுதான் இன்னும் கசந்தது.

இந்த முறை நட்டு உள்ளே ஏறி மிதித்தான். டீச்சரே திருகைத் தளர்த்தினாள். குழாயில் முதல் மிதிக்கே கொதிக்கிற சோற்றுப் பானை மாதிரி குமிழிகள் புரண்டுகொண்டு வந்தன. இரண்டாவது மிதிக்கும், மூன்றாவதுக்கும். பத்தாவது மிதியில் குமிழி நின்றது. மற்றப் பக்கமும் அப்படியே. காலையிலிருந்து மூன்று டப்பா குடித்தும் ஆகாத வேலை, இருபது நிமிஷத்தில் முடிந்தது.

அவள் உள்ளே உட்கார்ந்து மிதித்தாள். பெடல் ஒரு விரல்கடை இறங்கி, கல் மாதிரி நின்றது. இன்னும் பலமாக மிதித்தாள். நகரவில்லை.

"இப்ப சரி அண்ணி," என்றான் நட்டு. "அண்ணி, சிஸ்டர்கிட்ட நான் வேணா வந்து..."

"நீ வராதே. நாளைக்கு உன் கொட்டகைக்குப் போய், வர்ற வண்டி ஒவ்வொண்ணையும் அதுல ஏறப்போறவனை நினைச்சுப் பூட்டு. அது போதும்."

சக்கரங்களைப் பூட்டி இறக்கியதும், காலியான தெருவில் முப்பது வேகத்தில் போய் மிதித்தாள். நின்றது. நாற்பதில் மிதித்தாள். நின்றது. பத்து தடவை. பிறகு நேராக நர்ஸின் வீட்டுக்குப் போனாள். நர்ஸ் தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தாள். டீச்சர் உள்ளே போகவில்லை; வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். எழுத்து, திருகு, இரண்டு மிதி, தன் புருஷன், தன் கொழுந்தன். எதையும் மறைக்கவில்லை.

"பெடல் சரியில்லைன்னு எனக்கும் தெரிஞ்சிருந்துச்சு சிஸ்டர். தெரிஞ்சும் உங்களை உட்கார வச்சேன். அது என் தப்பு. உங்க கால் ஒரு தப்பும் பண்ணல."

நர்ஸ் கலைந்த தலையை முடிந்துகொண்டாள். பிறகு, "எழுத்துக்காகவா?" என்றாள்.

"எழுத்துக்காகத்தான்."

"நான் பார்த்த வியாதியிலயே இது புதுசா இருக்கு டீச்சர்." செருப்பை மாட்டினாள். "சாவியைக் கொடுங்க."

நர்ஸ்தான் ஓட்டினாள். முதல் திருப்பத்தில் தோள் இறுகியிருந்தது. சந்தைக்குப் பின்னால் அதே சந்தில் வந்தபோது பெருமூச்சு விட்டு, நாய்களுக்காக ஒரு மிதி மிதித்தாள். கார் நின்றது. அவள் முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது. மூன்று தெரு சுற்றி, டீச்சர் வீட்டு வாசலில் கோடு போட்ட மாதிரி கொண்டுவந்து நிறுத்தினாள்.

புருஷன் பல்லைக் குத்திக்கொண்டே வந்து ஜன்னலில் குனிந்தான். "என்ன சிஸ்டர், நிக்குதா?"

"ஒரே மிதி," என்றாள் நர்ஸ், அவன் முகத்தைப் பார்க்காமல். "நின்னுடுச்சு."

"அப்ப சரி," என்று அவன் டீச்சரைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தான். "நாளையிலேருந்து பழையபடி நானும் காலையில உன்கூட வண்டியிலயே கடைக்கு வந்துடுறேன், வியாழக்கிழமையிலேருந்து இந்த பஸ்ல தொங்கிக்கிட்டுப் போய் என் தோள்பட்டையே கழண்டு போச்சு."